சட்டையோடு கழன்ற காது

என் தந்தையார் எந்த ஆண்டில் கேளாமலே தலையசைக்கத் தொடங்கினார் என்பதை எங்கள் வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. தலையசைப்பு அவருக்கு முன்பே உள்ள வழக்கம். ஒருவர் தம் வழக்கைச் சொல்லி முடித்ததும் கண்ணைச் சற்று இடுக்கி இருமுறை மெல்ல அசைப்பார். 'கேட்டுக்கொண்டேன்' என்பது அதன் பொருள். பொருள் போன பின்னும் அசைவு மட்டும் மாறாமல் நின்றதால் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அவர் எங்கள் ஊரின் முதலடி. கோயில் காரியங்களையும் குளத்துத் தண்ணீர்ப் பங்கீட்டையும் பார்த்துக்கொள்ள ஊரார் தேர்ந்து அமர்த்துபவருக்கு நாஞ்சில் நாட்டு வயலூர்களில் அந்தப் பெயர். வரப்புச் சண்டையானாலும் தண்ணீர் முறைச் சண்டையானாலும் ஊர் கோயில் முன்மண்டபத்தில் கூடும். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு முதலடி பேசுவார்; அவருக்குப் பின் ஒருவரும் பேசுவதில்லை. கடைசியாகப் பேசுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. அதற்குள் எதிரே இருக்கும் முகங்களில் தீர்ப்பு பாதி எழுதப்பட்டிருக்கும். கேட்கும் திறன் குறையக் குறைய, என் தந்தையார் அந்த எழுத்தைப் படிக்கப் பழகிக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களோடு பேசும்போது என் தாயார் துணைநின்றார். மோர் கொண்டுவந்து கொடுக்கும் சாக்கில் தந்தையாரின் எதிரே வந்து நின்று, வந்தவர் சொன்னதைத் தாம் வியப்பது போலத் திருப்பிச் சொல்வார். 'அப்பம் கெழக்க உள்ள வரப்பையுமா வெட்டிப்போட்டான்?' என்று தாயார் கேட்டால், வரப்பு வழக்கு என்று தந்தையாருக்கு விளங்கிவிடும்.

நானோ சொல்லையே நம்பி வளர்ந்தவன். திருவனந்தபுரத்துக் கல்லூரியில் மூன்றாண்டுகளாக நான் தோற்ற சொற்போர் ஒன்றுமில்லை. தலைப்பை மேடைப்படியில் வைத்துச் சொன்னால் போதும்; எந்தக் கட்சிக்குப் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாலும் எனக்குச் சம்மதமே. விடுமுறைகளில் குளத்துக் கரையில் நின்று, எதிர்க்கரையில் மேயும் எருமைகள் தலைநிமிரும் வரை பேசிப் பழகியிருக்கிறேன். தமிழ்த் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர்தோறும் மேடை எழுந்த காலம் அது. என்னை அழைக்க வண்டி அனுப்பினார்கள்.

அப்படியொரு பருவத்தில் எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டுவிழாவில் பேசினேன். தந்தையார் முன்வரிசையில் அமர்ந்து ஒரு மணி நேரம் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார். வயல்வரப்பு வழியே திரும்பி நடந்து வருகையில், எந்தப் பகுதி நன்றாக இருந்தது என்று கேட்டேன்.

"நின்ன நிலை நல்லா இருந்து மக்கா. கையும் நல்லா வீசுன," என்றார்.

நான் எடுத்துரைத்த வாதம் எப்படி என்று மறுபடி கேட்டேன். அவர் கண்ணை இடுக்கி இருமுறை தலையசைத்தார். என் ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு சொல்லும் அவரைச் சென்று சேரவில்லை என்பதை அந்த வரப்பில்தான் அறிந்தேன். அவருக்காக வருந்துவதற்கு முன் எனக்காக வருந்தினேன். அதை இப்போது ஒளிப்பதற்கில்லை.

திருவனந்தபுரத்தில் காது வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். இசைக்கவை ஒன்றைத் தட்டி நெற்றியிலும் காதின் பின்னும் வைத்துப் பார்த்தார் அவர். நரம்புக்கு வயதாகிவிட்டது, மருந்து இல்லை, வேண்டுமானால் சென்னையிலிருந்து ஒரு மெஷின் தருவிக்கலாம் என்றார். அந்த மெஷின் ஓசையைப் பெருக்கித் தரும். தெளிவைத் தரும் என்று தம்மால் உறுதி கூற இயலாது. தந்தையாரோடு பேசுகிறவர்கள் எதிரே அமர்ந்து சிறுசிறு வாக்கியமாக நிதானமாகப் பேசவேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் முற்பாதியைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

மெஷின் கார்த்திகை மாதத்தில் தபாலில் வந்தது. வெற்றிலைச் செல்லத்தில் பாதி அளவுள்ள உலோகப் பெட்டி. அதிலிருந்து மேலே போன ஒயரின் நுனியில் காதுக்குள் பொருத்தும் குமிழ். கீழே வந்த ஒயர் தோலுறைக்குள் போயிற்று. பெரிதும் சிறிதுமாக இரண்டு பாட்டரிகளை அடக்கித் தைத்த அந்த உறையை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்கோ சட்டைப்பை வேண்டும். என் தந்தையார் நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போகும் நாளிலன்றிச் சட்டை அணியாதவர். வெறும் மார்பில் தொங்கவிட்டால் பெட்டி உடம்பில் உரசும் ஓசை இடிபோலக் காதில் விழுந்தது. ஆகவே காது வேண்டுமென்றால் சட்டை வேண்டும் என்றாயிற்று. வியர்வை பட்டால் மெஷின் கெடும் என்று எழுதியிருந்ததால் வயலுக்குப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார்.

முதல் நாள் அவர் ஓலை உரசுவதைக் கேட்டார். கிணற்று உருளையைக் கேட்டார். பித்தளைக் குடம் தரையில் வைக்கப்படும் ஓசைக்குத் திரும்பிப் பார்த்து, சிறு பிள்ளை போலச் சிரித்தார். இரண்டாம் நாள் அப்பளம் தின்பதை நிறுத்தினார். தம் பற்களின் ஓசையை அவரால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் நான் எதிரே நின்று, நாட்டு நடப்பு பற்றி நீண்டதொரு விளக்கம் கூறினேன். பாதியில் குமிழைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"நீ பேசினா கொட்டு அடிக்க மாதிரி இருக்கு. அம்மை பேசினா வார்த்தை கிட்டுது. பைய பேசு மக்கா."

பையப் பேச எனக்கு வரவில்லை. நாலைந்து நாள் முயன்றேன். வாக்கியத்தைச் சுருக்கினால் அது என் வாக்கியமாக இல்லை. குரலைத் தாழ்த்தினால் அது யாரோ நோயாளியின் குரலாக இருந்தது. வைத்தியர் சொன்ன முறையைத் தாயார் மட்டும், ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, முன்பிருந்தே கைக்கொண்டிருந்தார்.

வெளியே நான் வேறு கதை சொன்னேன். தந்தையாருக்கு வயதாகிவிட்டது, முதலடி நாற்காலியை விட்டுக்கொடுத்தால் என்ன என்று என் ஒன்றுவிட்ட சித்தப்பா காப்பிக்கடையில் பேசத் தொடங்கியிருந்தார். அந்த இடத்தின்மேல் அவருக்கு நெடுநாள் கண். 'அண்ணாச்சிக்கு காதுல ரேடியோ வச்சாச்சு, இனி திருச்சி ஸ்டேஷனும் கிட்டும்' என்று அவர் சொல்ல, கடையே சிரித்ததாம். மறுநாள் அதே கடைக்குப் போய் அரைமணி நேரம் பேசினேன். இனி என் தந்தையார் ஒவ்வொரு சொல்லையும் தாமே கேட்பார், எவரும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை என்று ஓங்கி உரைத்தேன். கடையில் ஒருவரும் மறுக்கவில்லை. நாற்காலி தப்பியது என்று எண்ணி வீடு வந்தேன்.

அவ்வாண்டு மழை பொய்த்தது. மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் கதிர்விடப் பொதிகட்டும் நேரத்தில் குளத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. எந்த வயலுக்கு எந்த நாள் என்று முறைவைத்து, மடை திறந்துவிடும் மனிதர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். மடைச் சாவி என்னும் முழநீள இரும்பு அவர் தோளில் எப்போதும் கிடக்கும். பேச்சு குறைவு, பேசினாலும் வாய்க்குள்தான். மார்கழிக் கடைசியில் அவர் முறை தப்பி மேல்வயல் ஒன்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார். கடைமடை வயல்கள் இரண்டு நாள் காய்ந்தன. அவற்றில் என் சித்தப்பாவின் வயலும் ஒன்று. ஊர் கூடியது. அந்த மனிதரை மடையிலிருந்து நீக்குவதா என்பதே கேள்வி. அதை முதலடி தம் காதால் கேட்டுத் தீர்க்கிறாரா என்பது ஊராரின் மனத்தில் இருந்த இன்னொரு கேள்வி.

தந்தையார் வெளுத்த சட்டை அணிந்தார். பாட்டரிகளைப் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். ஒயர் வெளியே தெரியாதபடி காலருக்குள் விட்டேன். தெரு நெடுக அவரோடு நடந்தேன். கோயில் வாசலில், பூசை செய்யும் போற்றி எதிர்ப்பட்டு, தந்தையாரின் சட்டையைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் களைந்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முன்மண்டபமும் கோயிலைச் சேர்ந்தது. ஐம்பது ஆண்டுகள் வெறும் மார்போடு அந்தப் படியேறிய என் தந்தையாருக்கும் இது நினைவுக்கு வரவில்லை. எந்தத் தலைப்புக்கும் இருபுறமும் சிந்திக்க வல்ல எனக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்குப் பாட்டரி உறை தோலாலானது. தோலைக் கொண்டு உள்ளே போவதற்கில்லை என்று போற்றி தாழ்ந்த குரலில், வருத்தத்தோடுதான் சொன்னார்.

தந்தையார் என்னைப் பார்த்தார். பிறகு சட்டையை மெஷினோடு கழற்றி, உறையையும் அவிழ்த்து, எல்லாவற்றையும் என் கையில் தந்தார். "வச்சுக்கோ. நான் பாத்துக்கிடுதேன்," என்றார். பார்த்துக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த வழி.

அவர் மண்டபத்தில் அமர்ந்தார். நான் சட்டை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கு வெளியே, பேச்சு கேட்கும் தூரத்தில் இருந்தேன். சித்தப்பா எல்லாருக்கும் கேட்க என்னிடம் வினவினார்:

"ரேடியோவக் களத்தியாச்சே, கேக்குமா? இல்லேன்னா நீ சட்டையக் களத்திட்டு வந்து பக்கத்தில இரு. சொல்லுகதச் சொல்லிக்குடு. தப்பில்ல மக்கா."

இன்று எண்ணிப் பார்க்கையில், அந்தக் குரலில் ஏளனம் இல்லை. அன்று எனக்கு ஏளனம் மட்டுமே கேட்டது. ஐம்பது முகங்கள் என் பக்கம் திரும்பியிருந்தன. காப்பிக்கடையில் நான் சொன்னது அத்தனை பேருக்கும் தெரியும். எழுந்து நின்றேன்.

"கேட்கும். ஒரு மாதம் மெஷின் வைத்துப் பழகிய காது, அது இல்லாமலும் தானாகக் கேட்கும். வைத்தியரே சொல்லியிருக்கிறார்," என்றேன்.

மேடையில் கற்ற குரல் எனக்கு அப்போது முழுமையாக உதவியது. ஒருவரும் ஐயுறவில்லை. எதிரே நின்ற மடைக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைமடைக்காரர்கள் முறையிட்டு முடித்தார்கள். மடைக்காரர் துவர்த்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வாய்க்குள் பேசினார். நான் முன்னே சாய்ந்து கேட்டேன். மேல்வயல் கருகுவதைக் கண்டு, ஓர் இரவு திறந்துவிடட்டுமா என்று வரப்பில் வைத்து முதலடியிடம் கேட்டதாகவும், அவர் இருமுறை தலையசைத்த பிறகே திறந்ததாகவும் சொன்னார். இறுதியில் ஒரு சொல் மட்டும் தலைநிமிர்த்திச் சொன்னார்.

"நான் பொய் சொல்லுதேனான்னு அண்ணாச்சியே சொல்லட்டும்."

வரப்பில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு நொடியில் விளங்கியது. வயலில் தந்தையாருக்குச் சட்டையும் இல்லை, காதும் இல்லை. அவர் கேளாத கேள்விக்குத் தலையசைத்திருக்கிறார். இப்போதும் கேட்கவில்லை. எல்லா முகங்களும் தம்மை நோக்குவதைக் கண்டு, தீர்ப்புச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்று கருதினார். கடைமடைக்காரர்களின் முகங்களில் கடுமையைப் படித்தார். கண்ணை இடுக்கி, இருமுறை தலையசைத்து, நாளை முதல் மடைச் சாவியை வேறு கைக்கு மாற்றவேண்டும் என்று சொன்னார்.

அந்த மனிதரின் கேள்விக்கு விடை சொல்லாமல் முதலடி அவரைத் தள்ளிவிட்டார் என்பதையே ஊர் கண்டது. ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: 'அப்பாவுக்குக் கேட்கவில்லை.' இரண்டே சொற்கள். எருமைகளை நிமிர வைத்த என் தொண்டையிலிருந்து அவை வரவில்லை. என் மடியில் மூட்டைக்குள், நிறுத்த மறந்துபோன மெஷின், குமிழ் பெட்டியோடு ஒட்டிக் கிடந்ததால், மெல்லிய சீழ்க்கை ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மடைக்காரர் வாதாடவில்லை. தோளிலிருந்த சாவியை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு நாட்கள் இதை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் தாயாரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அடுப்படி வேலையை விட்டு எழுந்து, தந்தையாருக்குத் தம் கையாலேயே சட்டையை மாட்டி, குமிழைக் காதில் பொருத்தி, எதிரே அமர்ந்து பேசினார்.

"வரப்பில வச்சு அவன் கேட்டான். நீங்க தலையாட்டினிய. அவன் தெறந்தான். கூட்டத்தில அதச் சொன்னான். நீங்க கேக்காம அவன மாத்திப்போட்டிய."

அன்று அந்த மெஷின் ஒரு சொல்லையும் சிதறவிடவில்லை. வந்த நாள் முதல் அது அவ்வளவு செம்மையாக வேலை செய்தது அந்த ஒரு முறைதான். அவர் தலையசைக்கவில்லை. எழுந்து, சட்டையோடும் ஒயரோடும் தெருவில் இறங்கி மடைக்காரரின் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். வீடு பூட்டியிருந்தது. முந்தைய நாளே மனைவி மக்களோடு கீரிப்பாறைக்குப் போய்விட்டார்கள், அங்கே ரப்பர் எஸ்டேட்டில் மைத்துனர் பால் வெட்டுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

தந்தையார் மறுபடியும் ஊரைக் கூட்டினார். தமக்குக் காது கேட்காது என்றும், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகவே கேட்பதில்லை என்றும், அந்த மனிதருக்குத் தாம் செய்தது அநீதி என்றும், முதலடி இடத்தை விடுவதாகவும் சொன்னார். அவ்வளவு பேச்சை அவர் ஒரேயடியாகப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தில் யாரோ, மெல்லச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, உரக்கவே சொன்னார்கள்: "மகன் கேக்கும்ங்கான், அப்பன் கேக்காதுங்காரு. எதத்தான் நம்ப?"

அப்போது நான் சட்டையைக் களைந்துவிட்டு மண்டபத்தில் ஏறினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை என்றேன். நான் பொய்யுரைத்தேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் தானே ஏறித் தானே இறங்கியது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று இணைந்து வந்தன. கை எழுந்தது. அதை அடக்க முயன்றேன், முடியவில்லை. நான் முடித்தபோது இருவர் தம்மையறியாமல் கைதட்டினார்கள். என் சித்தப்பா புன்னகையோடு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"இவன் ரெண்டு பக்கமும் பேசுவான்லா."

முதலடி இடம் அவருக்குப் போயிற்று. மடைச் சாவி அதற்குள் வேறொருவர் தோளுக்குப் போயிருந்தது. அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அதை யார் திரும்ப வாங்குவது?

தந்தையார் கேட்காமலே, அவர் விரும்புவார் என்றறிந்து, மாசி மாதத்தில் நான் கீரிப்பாறைக்கு பஸ் ஏறினேன். எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முன்னால் மடைக்காரர் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கை விரல்களில் ரப்பர் பால் தோலாக ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னார், கருப்பட்டிக் காப்பி தந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். இம்முறை தாயாரைப் போல, சிறு வாக்கியங்களாகச் சொல்ல முயன்றேன். அப்பாவுக்குக் கேட்கவில்லை. தலையாட்டுவது வழக்கம். மெஷின் என் மடியில் இருந்தது. அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு மாசம் வச்ச காது தன்னால கேக்கும்னு நீங்கதான் தம்பி சொன்னிய. நான் நேரா நிண்ணு கேட்டேன்."

அது பொய் என்றேன்.

"அதும் நீங்கதான் சொல்லுதிய," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமிருந்தால் நான் பேசிப் பார்த்திருப்பேன். "அண்ணாச்சி கேட்டுட்டுத்தான் சொன்னாவோ. எனக்கு அவ்வோ முகத்தத் தெரியாதா? வெயிலுக்கு முன்ன எறங்கிப் போங்க. உச்சைக்கு பஸ் இல்ல."

வீட்டில் தந்தையார் வெறும் மார்போடு கட்டிலில் இருந்தார். மெஷின் அலமாரியில் கிடந்தது. பாட்டரி ஒன்றில் நீர் கசிந்து, தோலுறையில் பச்சையாகப் பூத்திருந்தது. புதிதாகத் தருவிக்கிறேன் என்று நான் இருமுறை சொல்லியும் அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். என் சட்டையில் செம்மண்ணைக் கண்டதும் நான் எங்கே போய்வந்தேன் என்பதை அறிந்துகொண்டார். எதிரே அமரும்படி கட்டிலைத் தட்டினார். முகத்தை என் முகத்துக்கு அருகே கொண்டுவந்தார்.

என்ன சொல்வது? வரமாட்டார் என்பது ஒரு சொல். நம்பவில்லை என்பது ஒரு சொல். நீங்கள் கேட்டுத்தான் செய்தீர்கள் என்று அவர் சாகும்வரை எண்ணுவார் என்பதை எத்தனை சொற்களில், எவ்வளவு பையச் சொல்வது? வாயைத் திறந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைச் சற்று இடுக்கி, இருமுறை தலையசைத்தார்.

அதன் பிறகு எங்கள் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அன்று எங்கள் பக்கத்தில் மேடைகள் பல இருந்தன. இரண்டிலிருந்து என்னை அழைக்க வந்தார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கட்டிலில் நான் சொன்னது தந்தையாருக்குக் கேட்டதா இல்லையா என்பதை இன்றுவரை நான் அறியேன். கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்டாலும் அவர் தலையசைப்பார்.